எலும்பில்லாத கிண்ணம்

பீங்கானில் எலும்பு கலந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னது யார்? அவரிடம் ஒரு தடவையாவது, "உமக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். அதைக் கேட்ட ஒரே ஒரு பெண் கல்கத்தாவில் கிடர்பூரில் இருந்தாள். அவள் இப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கதை.

நாகலக்ஷ்மிக்கு ஒன்பது வயதில் கல்யாணம். பதினோரு வயதில் அது முடிந்து போயிற்று. புருஷன் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்டிருந்தான் என்பது மட்டும் தெரியும். பதினாறு வயதில் தலையை மழித்தார்கள். பெற்றவர்கள் இருவரும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர, அண்ணன் வெங்கடசுப்ரமணியன் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தபோது அவளையும் அழைத்து வந்தான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் அவன் குமாஸ்தா. கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதைத் தவிர அவனிடம் பெருமைப்பட எதுவும் இல்லை என்று சொன்னால் அவனே கோபித்துக்கொள்ள மாட்டான்.

வீடு டிராம் போகும் சாலையை ஒட்டிய சந்தில். இரண்டு அறை, சமையலறை, முற்றம், முற்றத்துக்குப் பின்னால் நிலக்கரி கொட்டிவைக்கிற தகரக் கூரைக் கொட்டகை. அண்ணன், அவன் மனைவி ராஜலக்ஷ்மி, மகள் காமு, நாகலக்ஷ்மி, ஆக நான்கு பேர். மாதத்தில் இருபத்தேழு நாள் விடிவதற்கு முன்பே குளித்து மடியாகச் சமைத்துப் போடுவது நாகலக்ஷ்மிதான். அவள் கை படாமல் அந்த வீட்டில் ஒரு பருக்கை வேகாது. மீதி மூன்று நாள் அவள் நிழல்கூட அடுப்பங்கரையில் விழக்கூடாது. கரிக் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் என்ன நியாயம் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. நீங்கள் யோசித்ததுண்டா?

அந்த மூன்று நாளும் சமையல் ராஜலக்ஷ்மியின் தலையில் விழும். அவளுக்கு அடுப்படி என்றாலே ஆகாது. காலை ஆறு மணிக்கே சாதத்தில் புளித்த மோரையோ புளிக்குழம்பையோ ஊற்றிக் கரைத்து, கொட்டகை வாசலில் இருக்கும் பித்தளைக் கும்பாவில் எட்ட நின்று கொட்டிவிட்டுப் போவாள். நாகலக்ஷ்மிக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். அவள் அதை மத்தியானம் சாப்பிடுவாள். ஆறு மணி நேரம் புளிப்பு பித்தளையில் ஊறும்.

பித்தளையில் புளிப்பு நின்றால் களிம்பேறும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம். தெருவில் கலாய்வாலா துருத்தியோடு வந்து கூவினால் ராஜலக்ஷ்மி வீட்டிலுள்ள அடுக்கு, தவலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பளபளவென்று பூசி வாங்கி வருவாள். கும்பாவை மட்டும் கொடுக்கமாட்டாள். அது தீட்டுப் பாத்திரம். சமையல் பாத்திரத்தோடு அதை ஒரே துருத்தியில் காட்டலாமா? எட்டு வருஷமாக அந்தக் கும்பா ஈயத்தைப் பார்த்ததில்லை. உள்ளே பச்சைப் பசேலென்று பாசி படர்ந்த குளம் போல இருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் போகும். அடுத்த மாதம் திரும்ப வரும்.

நாகலக்ஷ்மிக்கு மாதம் தவறாமல் அந்த மூன்று நாளில் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், எழுந்து நிற்க முடியாது. பூர்வஜன்ம பாபம் என்றாள் ராஜலக்ஷ்மி. வேலைக்கு முழுக்குப் போட வேஷம் என்றும் ஒரு நாள் சொன்னாள். அவளுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். அன்று மாலை கொட்டகை வாசலில் ஒரு துண்டு சுக்கை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கொட்டகைக்குத்தான் சீனக் கிண்ணம் வந்து சேர்ந்தது.

கம்பெனியின் கிடங்கில் ஒரு பழஞ்சரக்கு வியாபாரியின் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே சீனத்துப் பழைய பீங்கான்கள் இருந்தன. அதில் ஒரு கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருந்தது. வியாபாரி வேண்டாம் என்று விட்டுவிட, சரக்கு மதிப்பிடும் துரை அதை வெங்கடசுப்ரமணியன் கையில் கொடுத்து, இருநூறு வருஷத்துச் சாமான், வீட்டில் அலங்காரமாக வைத்துக்கொள் என்றார். துரை கொடுத்ததை மறுக்கத் தைரியமில்லை. வீட்டுக்குள் பீங்கானைக் கொண்டு போகவும் தைரியமில்லை. கரிக் கொட்டகையின் மரச்சட்டத்தில் ஏற்றி வைத்துவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

நாகலக்ஷ்மி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. வெள்ளையென்றால் வெறும் வெள்ளையல்ல, லேசாக நீலம் ஓடிய வெள்ளை. அதில் நீலத்திலேயே மலைகள்; பக்கத்து மலை கறுத்து, தூரத்து மலை வெளுத்து, அதற்கப்பால் மூச்சுப் பட்டால் கலைந்துவிடும் போல இன்னொரு மலை. ஆறு வரையப்படவே இல்லை. வெள்ளையாக விட்டிருந்த இடந்தான் ஆறு. அதில் ஒரு படகு, படகில் ஓர் ஆள். கிண்ணத்தைத் திருப்பினால் மறுபக்கத்தில் மேலிருந்து கீழாக நாலு வரி எழுத்து. விளிம்பு உடைந்த இடத்தில் உள்மண் கற்கண்டைப் போல மினுங்கியது. சுவரும் கரியும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் அவளுக்கு அந்த மலைகள் கிடைத்தன.

படிக்கத் தெரிந்தவள் அவள். மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்திலேயே தமிழையும் கொஞ்சம் வங்காளியையும் கற்றுக்கொண்டவள். எழுத்து என்று ஒன்றைப் பார்த்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்க அவளால் முடியாது. கொட்டகைக் கதவு இற்று விழுந்தபோது துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு சீனா மிஸ்திரியை அண்ணன் அனுப்பினான். அவன் கதவை இழைத்துக்கொண்டிருந்தபோது கிண்ணத்தைத் தரையில் தள்ளிவைத்து, உடைந்த ஹிந்துஸ்தானியில் கேட்டாள். அவனும் அதைவிட உடைந்த ஹிந்துஸ்தானியில் சொன்னான். நாலு எழுத்து தனக்குத் தெரியாதாம். மற்றதெல்லாம் சேர்த்தால் இவ்வளவு: மலை நகரவில்லை, ஆறு நிற்கவில்லை, படகுக்காரனை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

அவள் அந்த வரிகளை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, அவள் புத்தி அப்படி, எலும்பைப் பற்றிக் கேட்டாள். மிஸ்திரி சிரித்துவிட்டான். எலும்புச் சாம்பல் கலப்பது வெள்ளைக்காரன் பீங்கானில். சீனத்தில் வெள்ளை மண்ணும் இடித்த கல்லும்தான். அவன் மாமன் மகன் அந்த மண்ணைச் சுமந்தவன். உங்கள் சமையல் அடுப்பைப் போல நூறு மடங்கு நெருப்பில் வெந்து வருவது என்றான். அன்று மாலையே அவள் கதவுக்குப் பின்னால் நின்று அண்ணனையும் கேட்டாள். அவனும், மண்ணும் கல்லும்தான் என்றான். துரை சொல்லச் சொல்ல இதையே சரக்குப் பட்டியலில் தன் கையால் எழுதியிருக்கிறானாம்.

அடுத்த மாதம் ராஜலக்ஷ்மி கும்பாவில் கொட்டிவிட்டுப் போனதும், நாகலக்ஷ்மி அதைச் சுடச்சுடக் கிண்ணத்தில் மாற்றி வைத்தாள். மத்தியானம் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. மூன்று நாளும் இல்லை. ஒரு மாதம் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த மாதமும் கிண்ணம்: ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம், தெரிந்தே, வேண்டுமென்றே கும்பாவில் சாப்பிட்டாள். இரண்டு நாள் தலை தூக்க முடியவில்லை. கரியால் சுவரில் கோடு கிழித்து வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண், தன் வயிற்றையே தராசாக வைத்து உண்மையை நிறுத்துப் பார்த்தாள். பட்டம் வாங்கிச் சட்டையில் பேனா குத்திக்கொண்டு திரிகிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்?

இதற்குள் காமுவுக்குப் பதின்மூன்று வயது முடிந்து அவளும் பெரியவளானாள். பவானிப்பூரில் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்க்கும் மஹாதேவனின் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் தடவை கொண்டாட்டம், புது இலை, புட்டு. இரண்டாவது தடவை கரிக் கொட்டகை, அதே சாக்கு, அதே கும்பா. முதல் நாள் சாயங்காலமே குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. மெலிந்த உடம்பு. நாலாம் நாள் குளிக்க எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

நாகலக்ஷ்மி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன் வயிறு பழகிப்போன வயிறு, இது பிஞ்சு. கலாய்வாலாவின் குரல் தெருவில் கேட்டதும் ஓடிப்போய் மன்னியின் எதிரில் நின்றாள்.

"மன்னி, அந்தக் கும்பாவையும் குடுத்துடலாம். அதுலேதான் விஷம் இருக்கு."

"தீட்டுப் பாத்திரத்தைப் பூசின கையாலே என் அடுக்கைத் தொடுவானா?"

"கடைசியாக் குடுத்தாப் போறது."

"கடைசியாக் குடுத்தா, இங்கேர்ந்து எழுந்து நேரே பட்டாபிராமன் ஆத்துக்குப் போவான். அவா பாத்திரத்துக்கெல்லாம் நம்மாத்துத் தீட்டு போய் ஒட்டிக்கணுமா? அந்தப் பாவம் வேற எனக்கு வேணுமா?"

ராஜலக்ஷ்மி கெட்டவள் இல்லை. பெற்ற பெண்ணைக் கொல்ல நினைப்பவளும் இல்லை. அடுத்த வீட்டாரின் அடுக்குக்குத் தீங்கு வரக்கூடாது என்று அவ்வளவு கவலைப்பட்டாள். அந்தக் கவலையில் தன் பெண்ணின் வயிறு அவள் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் நாகலக்ஷ்மி காமுவிடம் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மா தலை மறைந்ததும் மாற்றிக்கொள், சாப்பிட்டதும் கழுவிச் சட்டத்தில் வைத்துவிடு, யார் கண்ணிலும் பட விடாதே என்று சொல்லிக் கொடுத்தாள். அந்த மாதம் காமு சிரித்துக்கொண்டே கொட்டகையை விட்டு வந்தாள். படகில் இருக்கிற ஆளுக்குக் குடுமி இருக்கிறது அத்தை, பார்த்தாயா என்றாள்.

அடுத்த மாதம், காமுவைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற சாந்தி கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாமியார் சுப்புலக்ஷ்மி குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். பெண் தூரம் என்று சொன்னார்கள். எட்ட நின்றாவது நாட்டுப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பின்பக்கம் நடந்தாள். யாரும் தடுக்க முடியாது, சம்பந்தி அம்மாள். காமு கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சுப்புலக்ஷ்மி முற்றத்தில் வந்து நின்றபோது அவள் முகம் சாம்பலாக இருந்தது. வெங்கடசுப்ரமணியனைக் கூப்பிட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில்தான் இருந்தான்.

"உங்காத்துலே பொண்ணுக்கு எலும்புலேதான் சாதம் போடறதா? எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

ராஜலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. நாகலக்ஷ்மிக்குப் புரிந்தது. அடுப்பை விட்டு வெளியே வந்தாள். பரபுருஷன் யாரும் இல்லாவிட்டாலும், சம்பந்தி எதிரில் மொட்டைத் தலையோடு வந்து நிற்பது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

"நான்தான் குடுத்தேன் மாமி. அதுலே எலும்பு கிடையாது. சீனாக்காரா பண்றது மண்ணும் கல்லும். அந்தக் கும்பாவைப் பாருங்கோ, பச்சையாப் பூத்திருக்கு. அதுலே சாப்பிட்டுட்டுத்தான் போன மாசத்துக்கு முந்தின மாசம் குழந்தை கிடந்து துடிச்சா."

"மொட்டைத் தலைக்கு வக்கீல் வேலை வேறயா?"

"உங்காத்து ஆவக்காய் ஜாடி எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கறேள்? அதுவும் பீங்கான்தானே. அதை மட்டும் மடியா வெச்சிண்டிருக்கேளே."

பதில் இல்லாத கேள்விக்கு நம்மவர்கள் எப்போதும் செய்வதையே சுப்புலக்ஷ்மி செய்தாள். கேட்டவள் பக்கமே திரும்பாமல் ஆண்பிள்ளையைப் பார்த்தாள்.

"அண்ணாவைக் கேளுங்கோ," என்றாள் நாகலக்ஷ்மி. "அவர் கையாலேயே எழுதியிருக்கார். சொல்லுங்கோண்ணா. எலும்பா, மண்ணா?"

மூன்று பெண்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகைக்குள் நாலாவதாக ஒருத்தி. ஒரு வார்த்தை போதும். பொய்கூட வேண்டாம், உண்மையே போதும். அவன் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டான்.

"துரை சொல்றதை எழுதற வேலை எனக்கு. மண்ணா எலும்பா, நான் எங்கே கண்டேன்."



கிண்ணத்தை உடைத்துவிட்டுத்தான் மற்றது என்றாள் சுப்புலக்ஷ்மி. வெங்கடசுப்ரமணியன் அதைக் கொட்டகைச் சுவரில் அடித்தான், உடையவில்லை. கரி உடைக்கிற சுத்தியலைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டாவது அடியில் மலை ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போயிற்று. உள்ளே மண்தான் இருந்தது, பளிச்சென்று. எல்லார் கண்ணுக்கும் எதிரே கிடந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

காமுவுக்குப் பஞ்சகவ்யம் கொடுத்துச் சுத்தி பண்ணுவதென்று முடிவாயிற்று. பசுவின் மூத்திரம் குடித்தால் போய்விடுகிற தீட்டு, சோப்பு போட்டுக் கழுவினால் போகாதாம். அடுத்தது, இந்த விதவை இருக்கிற வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது, காசிக்கு அனுப்பிவிடுங்கள் என்றாள் சுப்புலக்ஷ்மி. காசியில் போய்ச் சேர்ந்தால் புண்ணியம் என்று அதற்கு ஒரு மெருகும் போட்டாள். ராஜலக்ஷ்மி அழுதாள். அழுதுகொண்டே நாத்தனாரின் இரண்டு புடவையையும் மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

ஹௌராவில் வண்டி புறப்பட இருந்தது. அண்ணன் ஏற்றிவிட வந்திருந்தான். எட்டு வருஷம் உழைத்துப் போட்டதற்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் காட்டிக் கொடுத்தாய் என்றும் கேட்கவில்லை.

"கும்பாவுக்கு ஈயம் பூசிடுங்கோ. அது போறும் எனக்கு."

"பூசறேன்."

"எப்போ?"

"பூசறேன்னு சொல்றேனே நாகு. எல்லாரும் பாக்கறா, சும்மா இரு."

காசியில் அனுமான் கட்டத்துக்குப் பின்னால் ஒரு வீடு. பதினாலு விதவைகள் அங்கே செத்துப்போவதற்காகக் காத்திருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் நாகலக்ஷ்மிக்கு இடம் கிடைத்தது. வந்த வாரமே அண்ணனுக்குத் தபால் கார்டு எழுதினாள்: கும்பாவுக்கு ஈயம் பூசியாயிற்றா? பதில் இல்லை. அடுத்த மாதம் அதையே எழுதினாள். அதற்கடுத்த மாதமும். நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று காமு கொட்டகைக்குப் போயிருப்பாள், இன்று மத்தியானம் சாப்பிட்டிருப்பாள், இந்நேரம் வாந்தி எடுத்திருப்பாள் என்று மனசு அங்கேயே கிடக்கும். கங்கையில் முழுகி எழும்போதும் வேறு நினைப்பில்லை. ஒரு நாள் பக்கத்தில் குளித்தவள், நீ என்னடி ஜபம் பண்ணிக்கொண்டே இருக்கிறாய், எந்த மந்திரம் என்று கேட்டாளாம். அவள் வாய் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது.

ஆறாம் மாதம் அண்ணனின் அச்சுக் கையெழுத்தில் பதில் வந்தது. க்ஷேமம். காமுவைப் பவானிப்பூரில் கொண்டு விட்டாயிற்று. தூரத்துக்கு வேண்டிய பாத்திரம் பெண் வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று சம்பந்தி சொன்னதால், பழைய கும்பாவையே கொடுத்தனுப்பினோம். இரண்டு மாதமாகக் காமுவுக்கு உடம்பு சுகமில்லை. மாதம் ஒரு வாரம் படுத்துவிடுகிறாளாம். டாக்டர் வந்து நாடி பார்த்தார். நீ கார்டு எழுதுவதை நிறுத்து. கார்டு என்றால் தபால்காரன் முதல் எல்லாரும் படிக்கிறார்கள், மானம் போகிறது.

அதைப் படித்துவிட்டு நாகலக்ஷ்மி படிக்கட்டின் அடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். எல்லாரும் படிக்கிறார்கள். எட்டு வருஷம் அவள் வாயால் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கார்டில் எழுதினால் தபால்காரன் முதல் படிக்கிறான்.

அன்றிலிருந்து அவள் வாரத்துக்கு மூன்று கார்டு எழுதுகிறாள். காலணாவுக்கு ஒரு கார்டு. அதற்காகத் துவாதசியன்றும் பட்டினி கிடக்கிறாள். முதல் கார்டு சுப்புலக்ஷ்மிக்கே போயிற்று. இரண்டாவது மஹாதேவனின் பாங்கிக்கு, அவர் பெயரிட்டு. அப்புறம் பட்டாபிராமன் வீட்டுக்கு, நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர்கள் வீட்டுக்கு, கல்கத்தாவில் அவளுக்கு விலாசம் தெரிந்த ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "பவானிப்பூர் மஹாதேவய்யர் நாட்டுப்பெண் காமு விலகியிருக்கும் நாளில் சாப்பிடுகிற பித்தளைக் கும்பாவில் களிம்பு இருக்கிறது. களிம்பு விஷம். அந்தக் குழந்தை செத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் படிக்கிறவர்கள் போய்ச் சொல்லுங்கள்."

இதுவரை ஒரு பதிலும் வரவில்லை. காமு இருக்கிறாளா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இன்றும் எழுதியிருப்பாள்.

அந்தக் கார்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் பைத்தியக்காரி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கூடத்தில் நின்று உரக்கப் படியுங்கள், பெண்கள் காதில் விழட்டும். படித்த கையோடு உங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். அங்கே மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் பாத்திரத்தை நிமிர்த்தி உள்ளே பாருங்கள். பச்சை இருந்தால் அதை இன்றைக்கே தெருவில் எறியுங்கள். எறிந்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருப்பவளை உள்ளே கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் ஓர் இலை போடுங்கள்.